இடி விழுந்த மாடும் ஓர் ‘இருக்கட்டுங்க’வும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குக் கோபம் வரும், பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். கணபதி என்கிற பகுதியில் என் வீட்டை ஒட்டி ஒரு லேத் பட்டறை. அவர்கள் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போதுதான் எனக்கு எழுத வரும். இதில் எங்காவது சங்கிலி அறுந்திருந்தால் என்னைத் திட்டாதீர்கள், பட்டறையைத் திட்டுங்கள்.

ஊசி, மருந்து, சினைப் பரிசோதனை இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். செல்போனில் ஸ்கேன் படம் பார்க்கிற காலம் உங்களுடையது. உங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மழையோ வெள்ளமோ இடியோ வந்து மாடு செத்தால் அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது, இல்லையா? அந்தப் பணத்துக்கும் மாட்டுக்காரருக்கும் நடுவில் நீங்கள்தான் நிற்பீர்கள். மாட்டை அறுத்துப் பார்த்து, இன்னதால் செத்தது என்று நீங்கள் சான்று எழுதினால் பணம் வரும். எழுதாவிட்டால் வராது. அவ்வளவுதான் சட்டம்.

இந்தச் சட்டத்தை முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மழைக்காலத்தில் சுவர் விழுந்து எருமை செத்துவிட்டது என்று ஒருவர் வந்து அழுதார். போட்டோவெல்லாம் காட்டினார். நேரில் போனேன். புதைத்துவிட்டோம் என்று மண்மேட்டைக் காட்டினார். குனிந்து விவரம் குறித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்குப் பின்னாலிருந்து எருமை கத்துகிறது. நிமிர்ந்து பார்த்தேன். அந்த மனுசன் கொஞ்சமும் அசரவில்லை. “அது இதோட தங்கச்சிங்க டாக்டரே, அக்காளை நெனச்சு அழுவுது” என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைக்கிற ஆட்கள் எந்த ஊரிலும் உண்டு. அதனால்தான் அறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்காகப் போட்ட பூட்டு சில சமயம் யார் கையை நசுக்குகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அப்போது நான் கருமத்தம்பட்டிக்கு வடக்கே ஒரு சின்ன மாட்டாஸ்பத்திரியில் இருந்தேன். அந்தப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் சின்னப்பன், ஞானம்மா என்று புருசன் பெண்டாட்டி. வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். சின்னப்பனின் குடும்பம் தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். அவர் தோட்ட வேலைக்கும் போவார், செத்த மாட்டை அறுக்கவும் கூப்பிடுவார்கள், போவார். ஞானம்மா பிறந்தது வால்பாறையில், தேயிலை எஸ்டேட்டின் கூலி லைன் வீட்டில். அவருடைய அம்மா கொழுந்து பறித்துப் பறித்து, நெஞ்சுச் சளியில் அங்கேயே செத்துப்போனவர். கல்யாணமாகிக் கீழே இறங்கியபோது இனி செத்தாலும் மலையேறுவதில்லை என்று ஞானம்மா மனசுக்குள் முடிபோட்டுக்கொண்டார். இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர்களிடம் ஒரே ஒரு மாடு. கறுப்புச் சீமை மாடு, நெற்றியில் வெள்ளை. சொசைட்டிக்கு இரண்டு வேளையும் பால் ஊற்றினார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு என் ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் ஞானம்மா ஒரே பாட்டைத்தான் பாடுவார். “இது நல்லா இருந்தாப் போதுமுங்க சார். இது இருக்கற வரைக்கும் நாங்க மலைக்குப் போக வேண்டாமுங்க.” தான் உண்கிறாரோ இல்லையோ, மாட்டுக்குத் தவிடு தவறாது. கட்டுத்தரையை வீட்டைவிடச் சுத்தமாக வைத்திருப்பார். அந்தம்மாவைப் பார்த்தால் எனக்கு எரிச்சலே வராது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும்.

ஐப்பசி மாதம். சாயங்காலம் பிடித்த மழை விடிகிற வரை விடவில்லை. அப்படியொரு இடி. காலையில் போன் வந்தது. மாடு புளியமரத்தடியில் செத்துக் கிடக்கிறது, இடி விழுந்துவிட்டது, வாங்க என்றார் சின்னப்பன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் ஊரே மரத்தடியில் நிற்கிறது. மரத்தின் ஒரு கிளை பிளந்து தொங்கியது. ஞானம்மா முக்காட்டோடு மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். இழவு வீட்டில் உட்கார்வது போலத்தான் உட்கார்ந்திருந்தார். சின்னப்பன் இடுப்பில் துண்டைக் கட்டி, கத்தியைத் தீட்டித் தயாராக வைத்திருந்தார். அறுத்துக் காட்டினால்தான் பணம் வரும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை பேருடைய மாட்டை அவர் அறுத்துக் கொடுத்திருக்கிறார்!

நான் குனிந்து மாட்டின் மூஞ்சியைப் பார்த்தேன். மூக்கில் ரத்தம். கன்னங்கரேலென்று, உறையாமல் நிற்கிறது. வயிறு பொம்மென்று ஊதியிருக்கிறது. கால் விறைக்க வேண்டிய அளவுக்கு விறைக்கவில்லை.

உங்களுக்குப் புரிந்திருக்கும். ஊர்க்காரர்கள் படித்தால் புரிவதற்காகச் சொல்கிறேன். அடைப்பான் என்று ஒரு நோய். மாடு நின்ற இடத்தில் விழுந்து சாகும். இடி விழுந்து செத்த மாடும் அப்படித்தான் கிடக்கும், மூக்கில் ரத்தம்கூட வரும். வெளியிலிருந்து பார்த்து இதுவா அதுவா என்று பிரிப்பது லேசில்லை. ஆனால் அடைப்பான் மாட்டை அறுத்துவிட்டால் தொலைந்தது. அந்த ரத்தம் விழுந்த மண்ணில் விசம் வருசக்கணக்காகக் கிடக்கும், மேய வருகிற ஆடு மாட்டையெல்லாம் அள்ளும். அறுத்தவன் கையில் கீறல் இருந்தால் அவனுக்கும் வரும். பக்கத்து ஊரில் கொஞ்ச நாள் முன்னால் ஒரு பட்டி ஆடு இப்படித்தான் விழுந்து, என்ன ஏது என்று தெரியாமலே புதைத்திருந்தார்கள். அது வேறு என் மண்டைக்குள் ஓடியது.

“அறுக்க வேண்டாம்” என்றேன்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. சின்னப்பன் கத்தியோடு நெருங்கி வந்தார். “மாட்டுக் காலத் தூக்கிப் புடிங்க, நான் பாத்துக்கறேனுங்க. மழை மறுக்கா வந்துரும்” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டே குனிந்தார்.

“யோவ், கத்தியக் கீழ போடுய்யா!” என்று கத்திவிட்டேன். அத்தனை பேருக்கு நடுவில், என்னைவிட வயதில் மூத்த மனுசனை அப்படி யோவ் என்று சொல்லியிருக்கக் கூடாது. பயத்தில் எனக்கு மரியாதை மறந்துபோகும்.

அடைப்பான் சந்தேகம் இருக்கிறது, காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அனுப்புகிறேன், மாட்டை அப்படியே ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போட வேண்டும் என்று விளக்கினேன். கூட்டத்தில் முன்னாள் கவுன்சிலர் ஒருவர் இருந்தார். “ஏனுங்க டாக்டர், மரத்துக் கிளையே பொளந்து கெடக்குது, பாத்தாத் தெரியலைங்களா? இடின்னு சின்னக் கொழந்தைகூடச் சொல்லும். ஏழைப் பொழப்புல மண்ணப் போடாதீங்க” என்றார். நான்கைந்து பேர் ஆமாங்க ஆமாங்க என்றார்கள்.

சின்னப்பன் கத்தியைக் கீழே போடவில்லை. என் பக்கம் வந்து மெல்லச் சொன்னார். “சார், எனக்கு வந்தா வந்துட்டுப் போகுதுங்க. நானே அறுத்துக்கறேன். நீங்க தள்ளி நில்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு எப்போதும் ஒன்றும் ஆகாது. நாம் தள்ளி நின்று எழுதுகிறவர்கள். கத்தியைப் பிடிக்கிறவர் வேறு ஒருவர், பெரும்பாலும் சின்னப்பன் மாதிரி ஒருவர். சந்தேகம் வரும்போது ‘எனக்கு என்ன ஆகும்’ என்று யோசிக்காதீர்கள், ‘இந்தக் கத்தி யார் கையில் இருக்கிறது’ என்று யோசியுங்கள். அன்றைக்கு நான் அதைத்தான் யோசித்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

கடைசியில் ஞானம்மாதான் எழுந்து வந்து புருசன் கையிலிருந்து கத்தியை வாங்கினார். “சார் சொன்னாக் காரணம் இருக்குமுங்க. உடுங்க, பொதைச்சிரலாம்” என்றார். ஜேசிபி வந்து குழி எடுத்தது. மாட்டை இறக்கும்போது ஞானம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, அதன் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டார். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ரத்தத்தை முதலில் நம் ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பிலேயே பார்த்தேன். அந்த லென்ஸில் பூஞ்சை பிடித்து யானையை வைத்தாலும் மேகமாகத்தான் தெரியும். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். ஊரில் மற்ற மாடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டேன். முடிவு வந்தது. அடைப்பான் இல்லை.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோசம். ஊர் பிழைத்தது. அடுத்த மூச்சிலேயே இன்னொன்று உறைத்தது. அப்படியானால் அது இடிதான். அறுத்திருந்தால் பணம் வந்திருக்கும். அறுக்கவில்லை, இனி அறுக்கவும் முடியாது.

பிளந்த மரம், மின்னல் விழுந்ததை நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலம், ஆய்வுக்கூட முடிவு என எல்லாவற்றையும் சேர்த்து, இன்ன காரணத்தால் அறுக்கவில்லை என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் திரும்பி வந்தது. நேரில் போனேன். அந்த செக்‌ஷன் கிளார்க் கெட்டவரில்லை, ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்த ரகம். “போஸ்ட்மார்ட்டம் சர்டிபிகேட் இல்லாம எப்படிங்க டாக்டர்? ஆடிட்ல என்னோட தலையத்தான் கேப்பாங்க” என்றார். பிறகு குரலை இறக்கி, “அறுத்துப் பாத்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்களேன். யாரு போய்த் தோண்டிப் பாக்கப் போறாங்க?” என்றார்.

எழுதவில்லை. அடைப்பான் சந்தேகம் என்று ஊரெல்லாம் சொல்லிப் புதைத்துவிட்டு, அதையே அறுத்துப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டால், அடுத்த தடவை நான் ‘அறுக்காதே’ என்று சொல்லும்போது எந்தச் சின்னப்பன் கத்தியைக் கீழே போடுவார்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனாலும் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் ஞானம்மா மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரி, “ஏனுங்க, ஊருக்கெல்லாம் தெரிஞ்ச உண்மைய எழுதறதுக்கு ஒரு பொய்தான வேணும், எழுதித் தொலைங்களேன்” என்றாள். எது சரி என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் யாராவது சொல்ல முடிந்தால் வந்து சொல்லுங்கள், காப்பி தருகிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் நடத்திய மழைச் சேத ஆய்வுக் கூட்டம் முடிகிற நேரத்தில் எழுந்து நின்றேன். எங்கள் மேலதிகாரி கண்ணால் உட்கார் உட்கார் என்கிறார். நான் பார்க்காத மாதிரி நின்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிருக்கும். கலெக்டர் சின்ன வயசு. கேட்டுவிட்டு, “நிவாரணத்துல வராது டாக்டர். ஆனா என் விருப்ப நிதியில இருந்து கொடுக்கலாம். ரெவின்யூல இருந்து ஒருத்தர் நேர்ல போய் விசாரிச்சுட்டு வரட்டும், கொடுத்துடலாம்” என்றார். அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆனால் ஞானம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சர்க்கார் காரியம், கைக்கு வந்தால்தான் நிச்சயம். ஆசை காட்டி மோசம் செய்துவிடக் கூடாது, பணம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விசாரிக்கப் போகிற அன்றைக்கு நானும் கூடப் போயிருக்கலாம். எனக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம். போகிறவர் பார்த்துக்கொள்வார், முடிந்த காரியம்தானே என்று விட்டுவிட்டேன்.

விசாரிக்கப் போனது புதிதாக வந்திருந்த வருவாய் ஆய்வாளர். சின்னப் பெண். திருநெல்வேலிப் பக்கம். நல்ல பெண், லஞ்சம் என்றால் காத தூரம் ஓடுகிற பெண். இதைச் சொல்லக் காரணம், இதில் வில்லன் யாரும் இல்லை. வில்லன் இருந்தால் நான் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து தாலுகா ஆபீஸ் வராந்தாவில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். “என்னம்மா, நம்ம ஞானம்மா விசயம் முடிஞ்சுதா?” என்றேன்.

“அவங்க வேண்டாம்னுட்டாங்களே சார்” என்றார்.

“யாரு வேண்டாம்னாங்க?”

“அந்தம்மாதான் சார். மாடு செத்ததுக்கு அரசாங்க உதவி கெடச்சா உங்களுக்கு வேணுமாம்மான்னு தெளிவாக் கேட்டேன். ‘இருக்கட்டுங்க’ன்னு சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டுதான் சார் சொன்னாங்க. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளான்னு. சரின்னு லிஸ்ட்ல அடுத்த பேருக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிட்டேன்.”

நான் அந்த வராந்தாவிலேயே தலையில் அடித்துக்கொண்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, இதுதான் அது.

“ஏம்மா, எங்க ஊர்ல இருக்கட்டுங்கன்னா வேண்டாம்னு அர்த்தமில்லம்மா!” என்று கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. “நாங்கல்லாம் வேணும்னா வேணும்னுதான் சார் சொல்லுவோம்” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் உங்களுக்காக இதை விளக்குகிறேன். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். “காப்பி குடிக்கிறீங்களா?” என்பார்கள். “இருக்கட்டுங்க” என்பீர்கள். “அட, ஒரு வாய் குடிங்க” என்பார்கள். “ஐயோ, இப்பத்தானுங்க குடிச்சேன்” என்பீர்கள். அதற்குள் காப்பி வந்துவிடும், நீங்களும் குடிப்பீர்கள். முதல் தடவையே ஆகட்டுங்க என்று கை நீட்டினால் பரதேசி மாதிரி அலைகிறான் என்று நினைப்பார்கள். முதல் ‘இருக்கட்டுங்க’ என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. உண்மையில் வேண்டாமா என்பது மூன்றாம் தடவைக்கு மேல்தான் தெரியும். காப்பிக்கே இப்படியென்றால், வாசலில் வந்து நின்று ‘உனக்கு உதவி வேணுமா’ என்று ஓர் அதிகாரி கேட்டால், மானமுள்ள ஒரு பொம்பளை என்ன சொல்வாள்? அதுவும் இல்லாதப்பட்டவர்களுக்கு மானம் ஒரு படி கூடுதலாகவே இருக்கும். அவர்களைத்தான் எல்லோரும் கை நீட்டுகிறவர்கள் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்களே.

அதனால் சொல்கிறேன். நிவாரணத்துக்குப் போகிற இடத்தில் ‘வேணுமா’ என்று கேட்காதீர்கள். ‘இது உங்களுக்கு வர வேண்டியது, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்று சொல்லுங்கள். அது தானமில்லை, அவர்கள் பங்கு. ஒருவேளை கேட்டே தீர வேண்டுமென்றால், உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மாட்டைப் பற்றிப் பேசிவிட்டு, மறுக்கா ஒரு தடவை கேளுங்கள். அதையும் மறுத்தால் இன்னொரு தடவை கேளுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கோபத்தையும் ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள், பசியையும் ‘ங்க’ போட்டுத்தான் மறைப்பார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். அந்தப் பெண் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்பவே போவோம் சார்” என்றார். முதலில் கலெக்டர் ஆபீசில் அந்த நிதியைக் கேட்டுப் பார்த்தோம். வருசக் கடைசி, இருந்ததெல்லாம் போய்விட்டது, அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருசமென்றால் அடுத்த வருசம், எழுதியாவது வாங்கிவிடுவோம் என்று இருவரும் அவருடைய ஸ்கூட்டரிலேயே கிளம்பினோம். நான் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க அந்தப் பெண்ணுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே போனேன்.

வீடு பூட்டியிருந்தது. கட்டுத்தரையில் கழுநீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். “அவங்க மலைக்குப் போயிட்டாங்களேங்க. இங்க இருந்து என்ன பண்றதுன்னு போன வாரந்தானுங்க ரெண்டு பேரும் பொட்டிய எடுத்துட்டு வால்பாறை பஸ் ஏறுனாங்க. ஞானம்மா அழுதுட்டேதானுங்க போச்சு” என்றார்.

அந்தப் பெண் கதவில் தொங்கிய பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் திட்டுவதை நிறுத்திவிட்டேன். அடுத்த வருசம் எழுதினோம். ஆள் ஊரில் இல்லை, வேறு தாலுகாவில் இருக்கிறார் என்று அதுவும் நின்றுபோனது. அந்தக் கலெக்டரும் மாறிவிட்டார்.

வால்பாறைக்குப் போய் அவர்களைப் பார்க்க வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். போகவில்லை. எந்த முகத்தோடு போவது? நான் ஓய்வு பெற்ற பிறகு, பழைய சகா ஒருவரின் வீட்டுக் கல்யாணத்துக்கு வால்பாறை போக வேண்டி வந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பஸ் திரும்பும்போது இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் விசாரித்துக்கொண்டு ஞானம்மா இருக்கிற எஸ்டேட்டுக்குப் போனேன்.

லைன் வீடுகளின் வரிசையில் நான்காவதோ ஐந்தாவதோ. ஞானம்மா வேலை முடிந்து வந்து, வாசலில் காலில் ஒட்டிய அட்டையை உப்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிய ஒரு நிமிசம் ஆனது. “ஐயோ, டாக்டர் சாருங்களா! வாங்க சாமி, உள்ள வாங்க” என்று எழுந்தார். முகம் அப்படி மலர்ந்தது. சின்னப்பன் பேக்டரி ஷிப்டில் இருந்தார். நான் திட்டியதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

“மாடு கீடு வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன். வேறென்ன பேசுவதென்று தெரியவில்லை.

“இங்க எங்கீங்க? சிறுத்தை வருதுங்க. நாய்க்கே உத்தரவாதமில்லை” என்றார். டீ போட்டுக் கொண்டுவந்தார். கொடுக்கும்போது கூச்சப்பட்டார். “பாக்கெட் பாலுங்க சார். நெம்ப நல்லாருக்காது. சொசைட்டிக்கு ஊத்துன ஆளு இப்பக் காசு குடுத்து வாங்கறேனுங்க” என்று சிரித்தார்.

அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கலெக்டர் ஒத்துக்கொண்டதை, பணம் தயாராக இருந்ததை, விசாரிக்க ஆள் அனுப்பியதை, நான் கூட வராமல் போனதை. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

ஞானம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“அப்ப அந்தப் பொண்ணு அதுக்குத்தான் வந்துச்சுங்களா?” என்றார்.

“ஆமாம்மா.”

“பணம் தயாரா இருக்குதுன்னு தெரியாதுங்க, ஏதோ கணக்கெடுக்க வந்தவங்கன்னு நெனச்சேனுங்க. நல்ல பொண்ணு. வேணுமான்னு கேட்டுச்சு. எடுத்த எடுப்புல வேணும்னு எப்படிங்க சொல்றது? இருக்கட்டுங்கன்னேன். மறுக்கா கேக்கும், அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வண்டியத் திருப்பிருச்சு.”

“கூப்பிட்டிருக்கலாமேம்மா.”

“கூப்புட வாய் வரலைங்க சார். ஆனா அதுக்கப்புறம், மலைக்கு பஸ் ஏறுற வரைக்கும், தெருவுல வண்டிச் சத்தம் கேட்டாப் போதுமுங்க, போட்டது போட்டபடி வாசலுக்கு வந்து நிப்பேன்.”